தொடையில் விழும் குழிகள்: தோல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 24, எடை 48 கிலோ. இருந்தும் தொடையின் பின்பக்கம் குழிக்குழியாக இருக்கிறது. உடம்பில் கொழுப்பு கூடிவிட்டதா?

பதில்: இல்லை. செல்லுலைட் எனப்படும் இந்தக் குழிகளுக்கு, கொழுப்பின் அளவைவிட அது தோலுக்கடியில் கட்டப்பட்டிருக்கும் விதமே முக்கியக் காரணம். இலவம்பஞ்சு மெத்தை தைப்பவர், பஞ்சு நகர்ந்துவிடாதபடி ஆங்காங்கே நூலை மேலிருந்து கீழாகக் கோத்து இழுத்து முடிச்சிடுவார். முடிச்சு விழுந்த இடம் குழியும், இடையிலுள்ள பஞ்சு புடைக்கும். தோலையும் அதற்கு அடியிலுள்ள தசையுறையையும் இணைக்கும் நார்ப்பட்டைகள் அந்த நூலின் வேலையைத்தான் செய்கின்றன. பெண்களிடம் அவை பெரும்பாலும் செங்குத்தாகவும், ஆண்களிடம் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய வலைபோலவும் இருப்பதை 1978-இல் நியூர்ன்பெர்கர், முல்லர் என்னும் ஆய்வாளர்கள் விளக்கினர். பருவமடைந்த பெண்களில் 80 முதல் 90 சதவீதத்தினருக்கு ஏதோ ஓர் அளவில் இது உண்டு என்பதால், நான் இதை நோய் என்று சொல்வதில்லை. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு, பரம்பரை, வயது ஏற ஏற மெலியும் தோல் ஆகியவை இதைக் கூட்டிக் காட்டுகின்றன. "உடலில் தேங்கிய நச்சு" என்று சொல்லி விற்கப்படும் பொடிகளுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கேள்வி: காபித்தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் மறையுமா?

பதில்: மறையாது. தேய்க்கும்போது அந்த இடம் சற்று வீங்கிச் சில மணி நேரம் வழவழப்பாகத் தெரியும், அவ்வளவுதான். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினால் கலந்த களிம்பை ஆறு மாதமாவது விடாமல் பூசினால் மேல்தோல் கொஞ்சம் தடித்துக் குழிகளை ஓரளவு மறைக்கலாம். ஆனால் கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: சர்க்கரை நோயுள்ள என் அம்மாவுக்கு ஒரு கால் மட்டும் சிவந்து வீங்கியிருக்கிறது. மருத்துவச் சீட்டில் "செல்லுலைட்டிஸ்" என்று எழுதியிருக்கிறார்கள். இதற்கு மசாஜ் செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் இது முற்றிலும் வேறு. தோலுக்கடியில் பரவும் பாக்டீரியாத் தொற்று. செல்லுலைட்டில் சூடோ சிவப்போ காய்ச்சலோ இராது. அம்மாவுக்குத் தரப்பட்ட ஆன்டிபயாட்டிக்கை இடையில் நிறுத்தாமல் கொடுங்கள். காலைச் சற்று உயர்த்தி வையுங்கள். சிவப்பின் விளிம்பைப் பேனாவால் கோடிட்டு வைத்து, அது கோட்டைத் தாண்டிப் பரவினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, தோல் கறுத்தாலோ, இரவானாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்தப் பெயர்க் குழப்பத்தால் சிகிச்சை தாமதமாகிவிடக் கூடாது என்பதே என் பெரிய கவலை.

கேள்வி: ஒரு அழகு நிலையத்தில் லேசரும் ஊசியும் சேர்த்து நிரந்தரத் தீர்வு தருவதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: "நிரந்தரம்" என்ற சொல்லைக் கேட்டதுமே எழுந்து வந்துவிடலாம். தோலை மரக்கச் செய்து, குழியை இழுத்துப் பிடித்திருக்கும் நார்ப்பட்டையைச் சிறு கத்தியால் அறுத்துவிடும் சப்சிஷன் முறைக்குத்தான், தனித்தனியாகத் தெரியும் ஆழமான குழிகளில், ஓரளவு நீடித்த பலன் உண்டு. அதற்குப் பின் சில வாரங்கள் தோல் கன்றியிருக்கும். ரேடியோ அலைச் சிகிச்சையின் பலன் மிதமானது, பல அமர்வுகள் தேவைப்படும். நார்ப்பட்டையைக் கரைக்கும் கொலாஜினேஸ் ஊசிக்கு அமெரிக்காவில் 2020-இல் ஒப்புதல் கிடைத்தது. தோல் கன்றுவதும் நிறம் மாறுவதும் பெரிய குறையாக இருந்ததால், 2022 இறுதியில் தயாரித்த நிறுவனமே அதைக் கைவிட்டது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் எந்தக் காயமும் கருந்தழும்பாகத் தங்கிவிடக்கூடும் என்பதால், யார் செய்கிறார், இதற்கு முன் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்பதைக் கேட்டறிந்த பிறகே சம்மதியுங்கள். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் இதற்கான சிகிச்சையே அல்ல. சிலருக்கு மேடுபள்ளம் அதனாலேயே கூடிவிடுகிறது.

கேள்வி: இரண்டு கால்களும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை தடித்திருக்கின்றன, அழுத்தினால் வலிக்கிறது, இலேசாக இடித்தாலே கன்றிப் போகிறது. பாதம் மட்டும் ஒல்லியாக இருக்கிறது. இதுவும் செல்லுலைட்டா?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்கள், கால்களில் கொழுப்பு இயல்புக்கு மாறாகச் சேரும் லிப்பிடீமா என்னும் நோயை நினைவூட்டுகின்றன. செல்லுலைட் வலிக்காது. மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.

கேள்வி: தொடையில் குழி தெரிகிறது என்று 15 வயது மகள் நீச்சல் வகுப்புக்குப் போக மறுக்கிறாள். என்ன செய்வது?

பதில்: மாலையில் சன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் நின்று, உங்கள் தொடையை இரு கைகளாலும் மெல்ல நெருக்கி, அங்கே தோன்றும் குழிகளை அவளுக்குக் காட்டுங்கள். அம்மாவுக்கும் இருக்கிறது என்று கண்ணால் பார்க்கும் பெண்ணுக்கு என் விளக்கம் எதுவும் தேவைப்படாது.