1976 ஸ்ட்ராட்டா, புது ரீஇஷ்யூவா?

கேள்வி: 1976 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று விலைக்கு வருகிறது. அதை எடுக்கலாமா, இல்லை பழைய மாடலை அதே மாதிரி இப்போது செய்து விற்கிற புது ரீஇஷ்யூவே போதுமா?

மேடையில் வாசிக்கிறவர் என்றால் ரீஇஷ்யூவை எடுங்கள். நானும் ஒரு 1976 ஸ்ட்ராட் வாங்கி மூன்று வருடம் வைத்திருந்தவன்தான்.

டொராண்டோவில் கல்யாண ரிசப்ஷன், கோடை விழா என்று வாசிக்கிற ஆள் நான். பழசு என்ற ஒரு வார்த்தையில் மயங்கி அதை வாங்கினேன். ஆனால் பழசிலும் பல ரகம் உண்டு. ஸ்ட்ராட் வந்தது 1954இல். 1965 தொடக்கத்தில் ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் வாங்கியது. அதற்கு முந்தியவைதான் வீட்டை அடகு வைக்கிற விலைக்குப் போகின்றன. 1971 வாக்கில் நெக்கை, அதாவது விரல் ஓடுகிற நீளக் கழுத்தை, பாடியோடு பிடிக்கும் நாலு ஸ்க்ரூவை மூன்றாக்கி, நெக்கின் சாய்வைத் திருத்த மைக்ரோ டில்ட் என்று ஒன்றை வைத்தார்கள். யோசனையில் தப்பில்லை, ஆனால் நெக் உட்காருகிற பள்ளத்தை அளவாகக் குடையாவிட்டால் அது பக்கவாட்டில் ஆடும். என்னுடையது ஆடியது. கொஞ்சம் அழுத்தி வாசித்தால் கீழே இருக்கும் மெல்லிய ஸ்ட்ரிங், ஃப்ரெட் என்கிற நெக்கின் குறுக்கு உலோகக் கட்டைகளை விட்டு வெளியே சறுக்கிவிடும். பாடி ஆஷ் மரம், மொத்தம் நாலரைக் கிலோ. மூன்று மணி நேர ரிசப்ஷன் முடிந்தால் மறுநாள் இடது தோளைத் தூக்க முடியாது.

சத்தம் நன்றாக இல்லையா என்றால், நெக் பிக்கப், அதாவது நெக் பக்கம் இருந்து ஸ்ட்ரிங்கின் அதிர்வை எடுக்கும் காந்தச் சுருள், அற்புதம், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ட்ரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து முழங்குகிற மண்டபத்தில் அந்த வித்தியாசம் கேட்டது எனக்கு மட்டும்தான், அதுவும் சவுண்ட் செக்கில்.

உண்மையான தொல்லை வேறு. ஃப்ரெட் தேய்ந்திருந்தது. மாற்றினால் 'ஒரிஜினல்' போய்விடும், விலை இறங்கிவிடும். வால்யூமைத் திருப்பினால் கரகரவென்று சத்தம், ஆனால் பழைய சால்டரில் கை வைத்தாலும் விலை இறங்கும். அதனால் இரண்டையும் தொடாமல் வைத்திருந்தேன். குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றில் நெக் காய்ந்து ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும், அதற்குப் பயந்து பெட்டியிலேயே பூட்டி வைத்துவிட்டு, கச்சேரிக்கு நண்பரின் ரீஇஷ்யூவைக் கடன் வாங்கிப் போனேன்!

ரீஇஷ்யூவிலும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பழைய அளவை அப்படியே வைத்த மாடல்களில் ஃபிங்கர்போர்டு (நெக்கின் மேல் விரல் பதியும் பலகை) 7.25 இஞ்ச் வளைவு, மேல் ஃப்ரெட்டுகளில் ஸ்ட்ரிங்கைப் பெரிதாக இழுத்தால் சுருதி அடைத்துப்போகும். இழுத்து வாசிக்கிற கை என்றால் அதைவிடத் தட்டையான 9.5 இஞ்ச் தேடுங்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்றையாவது கையில் எடுத்து வாசித்துப் பாருங்கள், இரண்டு கிட்டார் ஒரே மாதிரி இருப்பதில்லை.

சரி, மனசு கேட்கவில்லை, பழசுதான் வேண்டும் என்றால், முன்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வால்யூம், டோன் குமிழ்களுக்குக் கீழே இருக்கும் 'பாட்' என்ற பாகத்தின் முதுகில் எண் இருக்கும். 1377633 என்றால் 137 தயாரிப்பாளர், 76 வருடம், 33 அந்த வருடத்தின் வாரம். நெக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டைக் காட்டி பிரேசில் மரம் என்று விலை ஏற்றினால் நம்பாதீர்கள், எழுபதுகளில் ஃபெண்டர் போட்டது பெரும்பாலும் இந்திய ரோஸ்வுட், நம்ம ஊர் ஈட்டி மரம். அப்புறம், யாரோ ஏற்கெனவே பெயிண்ட் மாற்றி, ஃப்ரெட் மாற்றி 'கெடுத்து' வைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது, விலையும் குறையும், உங்களுக்குப் பயமும் இருக்காது.

என்னுடையதை ஒரு இளைஞர் வாங்கிப் போனார். முதல் வாரமே ஃப்ரெட் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்.