பிரேக் பேட் மாற்றும்போது டிஸ்க்கையும் கடைய வேண்டுமா?

கேள்வி: கார் 48,000 கி.மீ. ஓடிவிட்டது. முன் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது. டிஸ்க் இரண்டையும் லேத்தில் கொடுத்துக் கடைந்தால்தான் (மேற்பரப்பை மெல்லியதாகச் சீவிச் சமமாக்கினால்தான்) புது பேட் சரியாக உட்காரும் என்கிறார் மெக்கானிக். பிரேக் பிடிக்கும்போது அதிர்வு எதுவும் இல்லை. கடையலாமா?

பதில்: அதிர்வு இல்லை, டிஸ்க்கில் ஆழமான பள்ளமும் இல்லை என்றால் கடைய வேண்டாம். டிஸ்க்கின் கனம்தான் (தடிமன்தான்) பிரேக் சூட்டை வாங்கிக்கொள்கிறது. லேத்தில் ஏற்றும் ஒவ்வொரு முறையும் அந்தக் கனம் குறைகிறது. இசைத்தட்டைப் போல மெல்லிய கோடுகள் இருந்தால் பயப்பட வேண்டாம். கொஞ்சம் ஓடியதும் புது பேட் அந்தக் கோடுகளுக்கு ஏற்பத் தேய்ந்து படிந்துவிடும்.

முதலில் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ ஓரத்திலோ குறைந்தபட்சக் கனம் மி.மீ. கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். புதிதில் 22 மி.மீ. இருந்த டிஸ்க்குக்கு அது 20 மி.மீ. ஆக இருக்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பேட் படாத வெளி ஓரம் தேயாமல் வரப்பு மாதிரி நிற்கும். வெர்னியரின் தாடைகள் அந்த வரப்பின் மேல் உட்கார்ந்துவிட்டால், தேய்ந்த டிஸ்க்கும் கனமானதாகவே காட்டும். மைக்ரோமீட்டரை ஓரத்திலிருந்து 10, 15 மி.மீ. உள்ளே வைத்து, சுற்றிலும் எட்டு இடத்தில் அளக்க வேண்டும். எட்டு அளவுக்குள் 0.02 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தாலே பெடல் துடிக்க வாய்ப்பு உண்டு.

பொறித்திருக்கும் அளவு கழித்துக் கட்ட வேண்டிய அளவு. அதுவரை கடையலாம் என்று பொருள் இல்லை. கடைந்த பிறகும் அடுத்த செட் பேட் தேயும்வரை டிஸ்க் தாங்க வேண்டும். கடைந்து முடித்தபின் எல்லைக்கு மேல் 0.5 மி.மீ.கூட மிஞ்சாது என்றால் புது டிஸ்க்தான் நல்லது. வெடிப்பு இருந்தாலும், சூட்டில் நீலத் திட்டு விழுந்திருந்தாலும் அப்படியே. அந்தத் திட்டின் அடியில் இரும்பு இறுகிப்போயிருக்கும். மேலே கடைந்தாலும் சில நாளில் அதே இடம் மேடு தட்டும்.

ஸ்டியரிங் ஆடுகிறது, பெடல் துடிக்கிறது, நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம், கனமும் போதுமானது என்றால் கடையலாம். இடம் வலம் இரண்டு டிஸ்க்கையும், ஒவ்வொன்றிலும் இரு முகத்தையும் கடைய வேண்டும். காரிலேயே பொருத்திக் கடையும் மெஷின் கிடைத்தால் அதற்கே என் ஓட்டு.

டிஸ்க்கும் வீலும் உட்காரும் ஹப்பில் இருக்கும் துருவை யாரும் கவனிப்பதில்லை. டிஸ்க்கின் கோணல், அதாவது சுற்றும்போது பக்கவாட்டில் ஆடும் அளவு, பல கார்களில் 0.05 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. நோட்டுத் தாளின் கனத்தில் ஏறக்குறைய பாதி. ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே அந்த அளவு துரு இருந்தாலே டிஸ்க் கோணலாகச் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் பேட் ஒரே இடத்தில் உரசி, அந்த இடம் மட்டும் மெலியும். நன்றாகக் கடைந்த டிஸ்க்கும் சில ஆயிரம் கி.மீ.யில் மறுபடி துடிப்பது பெரும்பாலும் இதனால்தான். கம்பி பிரஷ் போட்டு ஹப்பைத் தேய்த்துவிட்டு, வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) எதிரெதிராக முறுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் காருக்கு டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்து, காலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகரும் பின்களுக்கு அதற்குரிய கிரீஸ் வைத்து, புது பேட் போட்டால் போதும். வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். பிறகு காலிச் சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 20க்கு, பத்து முறை மிதமாக பிரேக் பிடியுங்கள். நடுநடுவே அரை நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நிற்காதீர்கள். பேட் பொருள் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.