"கணக்கு மாறிவிட்டது" என்று வரும் மெயில்: கேள்வி பதில்

ஓசூரைச் சுற்றியுள்ள சிறு கம்பெனிகளுக்கு மெயில், நெட்வொர்க் பராமரிப்பு செய்துவருகிறேன். போலி மெயில் பற்றி கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துத் தொழில்காரர்கள் கேட்டவற்றுக்கு என்னால் முடிந்த பதில்கள்.

காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஆலை: அண்ணா, துபாய் பையர் போன் செய்து "புது அக்கவுண்டுக்குப் பணம் போட்டுவிட்டேன்" என்கிறார். நாங்கள் அக்கவுண்டே மாற்றவில்லை. எங்கள் மெயிலை ஹேக் செய்துவிட்டார்களா?

முதலில் பணத்தைப் பாருங்கள் தம்பி. பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டியது அனுப்பிய வங்கிதான். ஆகவே பையரை இப்போதே அவர் வங்கியிடம் பேசச் சொல்லுங்கள். அங்கேயே போலீசிலும் புகார் கொடுக்கட்டும். இங்கே உங்கள் வங்கிக்கு வராத பணத்துக்கு உங்கள் மேனேஜர் என்ன செய்ய முடியும்?

அப்புறம், அந்த மெயிலை அட்டாச்மென்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். சாதாரணமாக ஃபார்வேர்டு செய்தால் அதன் ஹெடர் (எந்த சர்வர் வழியாக வந்தது என்ற மறைவான குறிப்பு) போய்விடும். ஹெடரைப் பார்த்தால் மூன்றில் ஒன்று தெரியவரும்: உங்கள் முகவரியை அப்படியே போட்டு வேறு சர்வரிலிருந்து அனுப்பியிருப்பார்கள்; அல்லது ஓர் எழுத்து மாற்றிய டொமைனாக (முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) இருக்கும்; அல்லது நிஜமாகவே உங்கள் மெயில் பெட்டியிலிருந்தே போயிருக்கும்.

அதில் உங்கள் இன்வாய்ஸ் நம்பர், டிரம் கணக்கு, விலை எல்லாம் சரியாக இருந்தால், உங்கள் பெட்டியையோ பையர் பெட்டியையோ யாரோ சில காலமாகவே படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீசனில் ஆலை ராத்திரி பகலாக ஓடும்போது இதை யாரும் கவனிப்பதில்லை. பாஸ்வேர்டு மாற்றினால் மட்டும் போதாது. செட்டிங்ஸில் ஆட்டோ ஃபார்வேர்டு, ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்கள். "பேமென்ட்" என்ற சொல் வரும் மெயிலை எல்லாம் யாரும் திறக்காத ஃபோல்டருக்குத் தள்ளும் ரூல் ஒன்றைப் போட்டுவைப்பது இவர்களுடைய வழக்கமான வேலை. எல்லாக் கருவிகளிலிருந்தும் சைன் அவுட் செய்து, தெரியாத ஆப்களுக்குக் கொடுத்த அனுமதியை நீக்கி, இரட்டைச் சரிபார்ப்பைப் (பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்பது) போடுங்கள்.

பர்கூர், கிரானைட் ஏற்றுமதி: பெட்டிக்குள் நுழையாமலே எங்கள் முகவரியில் எப்படி மெயில் அனுப்ப முடிகிறது?

மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி முறை 1982-ல் வந்தது. அனுப்புபவர் யாரென்று சரிபார்க்கும் வழி அப்போது அதில் இல்லை. தபால் உறையின் மேல் யார் பெயரையும் அனுப்புநராக எழுதலாம், உள்ளே கடிதத்தின் தலைப்பில் வேறொரு பெயரும் இருக்கலாம் அல்லவா, மெயிலிலும் அதே போல உறைக்கு ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு பெயர் உண்டு.

ஓசூர் சிப்காட், உதிரிபாகத் தொழிற்சாலை: எங்கள் ஐடி ஆள் எஸ்பிஎஃப் போட்டாயிற்று, இனி கவலை இல்லை என்கிறார். சரியா சார்?

பாதி சரி. "என் டொமைன் பெயரில் இந்த சர்வர்கள் மட்டுமே அனுப்பலாம்" என்று டிஎன்எஸ்ஸில் (டொமைன் பற்றிய விவரங்களை யாரும் பார்க்கும்படி வைக்கும் இணையப் பதிவேடு) எழுதிவைப்பதுதான் எஸ்பிஎஃப். ஆனால் அது சோதிப்பது உறை மேல் உள்ள பெயரை. உங்கள் வாடிக்கையாளர் திரையில் பார்ப்பது கடிதத்துக்குள் உள்ள பெயரை. ஏமாற்றுக்காரன் உறையில் தன் டொமைனையும் உள்ளே உங்கள் டொமைனையும் போட்டால் எஸ்பிஎஃப் அவனுக்கே பாஸ் போட்டுவிடும்.

டிகிம், ஒவ்வொரு மெயிலுக்கும் டிஜிட்டல் கையெழுத்து. டிமார்க் இவை இரண்டையும் திரையில் தெரியும் பெயரோடு ஒப்பிட்டு, இரண்டில் ஒன்றாவது பொருந்துகிறதா என்று பார்க்கும். பொருந்தாததை என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்: நன் (ஒன்றும் செய்யாதே), குவாரன்டைன் (ஸ்பாமில் ஒதுக்கு), ரிஜெக்ட் (ஏற்காதே). நம் பக்கத்தில் நான் பார்க்கும் பல டொமைன்களில் "நன்" போட்டு அப்படியே மறந்துவிட்டிருக்கிறார்கள். "நன்" எதையும் தடுக்காது. அறிக்கை மட்டும் வரும்.

ஆனாலும் முதல் நாளே "ரிஜெக்ட்" போடச் சொல்லாதீர்கள். சம்பளச் சீட்டு அனுப்பும் சாஃப்ட்வேர், வெப்சைட்டின் என்கொயரி ஃபார்ம், பில் அனுப்பும் ஈஆர்பி (கம்பெனிக் கணக்கு சாஃப்ட்வேர்) என்று உங்கள் பெயரில் மெயில் அனுப்பும் இடங்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் இருக்கும். சில வாரம் அறிக்கைகளைப் பார்த்து எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு, குவாரன்டைன், பிறகு ரிஜெக்ட் என்று போங்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. அதற்குள் பத்து டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போகவும் கூடாது.

அதே நபர்: ரிஜெக்ட் போட்டபின் எங்களுக்குப் போலி மெயில் வராதுதானே?

வரும். உங்கள் டிமார்க் காப்பது உங்கள் பெயரை. அடுத்தவர் பெயரில் உங்களுக்கு வருவதை அது தடுக்காது. ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் மாதிரியே தெரியும். அப்படி ஒரு டொமைனை வாங்கி அதற்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாமே முறையாகப் போட்டு அனுப்புவான்; எல்லாச் சோதனையும் தேறிவிடும்.

கூகுளும் ஃபேஸ்புக்குமே இப்படி ஏமாந்திருக்கின்றன. லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்தாஸ் ரிமாசௌஸ்காஸ், தைவானின் குவான்டா நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு கம்பெனி பதிவு செய்து, 2013 முதல் 2015 வரை போலி பில் அனுப்பி 12 கோடி டாலருக்கு மேல் கறந்தார். 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் 5 ஆண்டு சிறை கொடுத்தது.

கிருஷ்ணகிரி, அக்கவுண்ட்ஸ் பிரிவு: சார், எம்டி பெயரில் "மீட்டிங்கில் இருக்கிறேன், போன் செய்யாதே, உடனே இந்தக் கணக்குக்கு ஆர்டிஜிஎஸ் போடு" என்று வந்தது. நான் போடவில்லை. ஆனால் நிஜமாகவே அவர் அனுப்பியிருந்தால் திட்டு விழுந்திருக்குமே?

போடாமல் விட்டீர்களே, நல்லது மேடம். போனில் அந்த மெயிலைத் திறந்தால் பெயர் மட்டும்தான் தெரியும். பெயரைத் தொட்டால் பின்னால் ஏதோ ஒரு ஜிமெயில் முகவரி இருக்கும். "போன் செய்யாதே" என்று எழுதியிருந்தாலே போன் செய்துவிட வேண்டியதுதான்.

நீங்கள் பயப்படுவதைத்தான் நான் பெரிய ஓட்டை என்பேன், அதை அடைக்க வேண்டியவர் உங்கள் எம்டி. "மெயிலில், வாட்ஸ்அப்பில் நான் பணம் அனுப்பச் சொன்னால் என்னைக் கூப்பிட்டுக் கேட்காமல் போடக் கூடாது, கேட்டதற்காக யாரையும் திட்ட மாட்டேன்" என்று அவர் கையெழுத்துப் போட்டு ஒரு தாளை அக்கவுண்ட்ஸ் அறையில் ஒட்டட்டும். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. நெட் பேங்கிங்கில் ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தரும் வசதியையும் வங்கியில் கேட்டு வாங்குங்கள். இரண்டு பாஸ்வேர்டும் ஒருவரிடமே இருந்தால் அது வெறும் பேருக்குத்தான். இதை நிறைய ஆபீஸில் பார்க்கிறேன்.

தர்மபுரி, புளி வியாபாரம்: சரக்கு கொடுப்பவர் புது வங்கிக் கணக்கு அனுப்பியிருக்கிறார். உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

அந்த மெயிலில் உள்ள நம்பருக்குக் கூப்பிடாதீர்கள் அய்யா. உங்கள் பழைய பில்லில், உங்கள் போனில் ஏற்கெனவே உள்ள நம்பருக்குக் கூப்பிட்டு, புது அக்கவுண்ட் நம்பரை அவர் வாயாலேயே சொல்ல வைத்துக் கேளுங்கள். நீங்கள் படித்துக்காட்டி "சரிதானே" என்று கேட்டால், வேலை மும்முரத்தில் "ஆமா ஆமா" என்றுவிடுவார்.

இன்னொன்று: ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டிலும் பணம் போடுமுன் கணக்குக்காரர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. கம்பெனி பெயருக்குப் பதில் யாரோ தனிநபர் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

பர்கூர், கிரானைட் ஏற்றுமதி: வெளிநாட்டு பையருக்கு இந்தப் பெயர் பார்க்கும் வசதி இருக்காதே?

ஸ்விஃப்ட் கோடைப் (வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும்போது வங்கியைக் குறிக்கும் குறியீடு) பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். அதன் 5, 6-ஆம் எழுத்துகள் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு ஐ, என். பர்கூர் கல்லுக்கான பணத்தை ஹங்கேரி வங்கிக்குப் போடச் சொன்னால் பையருக்கே சந்தேகம் வர வேண்டும். ஆர்டர் எடுக்கும்போதே, "எங்கள் வங்கி விவரத்தை மெயிலில் மாற்ற மாட்டோம்" என்று ஒப்பந்தத்திலும் ஒவ்வொரு இன்வாய்ஸிலும் அச்சடித்துவிடுங்கள்.

அரூர்: பணம் இங்குள்ள வங்கிக் கணக்குக்கே போய்விட்டால்?

உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள், கூடவே உங்கள் வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். அடுத்த கணக்குக்குப் பணம் தாவுமுன் முடக்கினால்தான் உண்டு. நாளை ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று இருக்காதீர்கள். ஆள்மாறாட்டத்துக்கு ஐடி சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு, ஆனால் ஆள் கிடைக்க வேண்டுமே.

பாலக்கோடு: எங்கள் கம்பெனிக்கு ஜிமெயில் ஐடிதான். அதற்கு டிமார்க் போட முடியுமா?

முடியாது, அந்த டொமைன் கூகுளுடையது. சொந்தமாக ஒன்று வாங்குங்கள்.

ஓசூர்: எங்கள் பெயரைப் போல இருக்கும் எல்லா டொமைனையும் வாங்கிவிடலாமா?

வாங்கி மாளாது. டாட் காம், டாட் இன் இரண்டும் போதும். பயன்படுத்தாமல் சும்மா வைத்திருக்கும் டொமைனிலிருந்து யாரும் மெயில் அனுப்பக் கூடாது என்று எஸ்பிஎஃப் எழுதி, டிமார்க்கில் நேராக ரிஜெக்ட் போடுங்கள். அதில் நீங்கள் எதுவும் அனுப்பப் போவதில்லை, காத்திருக்க வேண்டியதில்லை.