சர்க்கரை இருந்தால் எலும்பு கூடாதா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. பல வருடமாகச் சர்க்கரை நோய். வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, உள்ளே ராடு வைத்து எட்டு வாரம் ஆகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு கூடவில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்த உறைவுப் புரதம் எலும்பைச் சேர விடாது என்று இணையத்தில் படித்தேன். ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின் கொடுக்கலாமா? பிரண்டை உதவுமா? எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 9.6. கால் வீங்குவதால் எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறோம்.

பதில்: கால் போய்விடுமோ என்பதுதானே உங்கள் பயம்? எலும்பு மெதுவாகக் கூடுகிறது என்பதற்காக யாரும் காலை எடுப்பதில்லை. இந்த எலும்பு கூடுவதற்கு, சர்க்கரை இல்லாதவர்களுக்கே நான்கைந்து மாதம் பிடிக்கும். எட்டு வாரத்து எக்ஸ்ரேயை வைத்து அழ வேண்டாம்.

நீங்கள் படித்தது முழுப் பொய்யும் இல்லை. முறிந்த இடத்தில் ரத்தம் உறைந்து ஃபைப்ரின் என்ற புரதம் வலைபோல் படரும். கட்டடத்துச் சாரம் மாதிரிதான் அது, வேலை நகர நகரப் பிரித்துவிட வேண்டும். பிரிக்கும் வேலையைப் பிளாஸ்மின் என்ற நொதி செய்கிறது. எலி ஆய்வுகளில் ஃபைப்ரினே இல்லாத எலிக்கும் எலும்பு கூடியது. அதைக் கரைக்க முடியாத எலிதான் திணறியது. சர்க்கரை கூடினால் இந்த வலை இறுகிக் கெட்டியாகும், பிளாஸ்மின் உருவாவதைத் தடுக்கும் புரதமும் ரத்தத்தில் ஏறும். புது ரத்தக் குழாய்கள் உள்ளே நுழையத் தாமதமாகிறது.

ஆனால் ஆஸ்பிரின் இந்த வலையைக் கரைக்காது. உறைந்ததை விட்டுவிட்டு வயிற்றில் ரத்தக் கசிவை வேண்டுமானால் உண்டாக்கும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மருத்துவர் ஏற்கெனவே எழுதித் தந்திருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். குறைக்க வேண்டியது அந்த 9.6-ஐ. இன்சுலின் போடச் சொன்னால் தயங்காமல் போடுங்கள். பிரண்டைத் துவையல் சாப்பிடட்டும், கெடுதல் இல்லை.

எனக்குக் கவலை தருவது கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வீக்கம். மாலையில் வீங்கி, காலை நீட்டிப் படுத்து எழுந்தால் வடிகிறதா? சரி, பரவாயில்லை. விடிந்த பிறகும் வடியாமல் கெண்டைக்கால் இறுகி, சூடாக, தொட்டால் வலித்தால் ஆழ்நாளத்தில், அதாவது காலுக்குள் ஆழமாக ஓடும் ரத்தக் குழாயில், ரத்தம் கட்டியிருக்கலாம். இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் டேப் வைத்து அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். சர்க்கரையால் நரம்பு மரத்தவர்களுக்கு வலி தெரியாமலும் போகலாம், அதனால் வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்.

உருவிவிடுவதை இன்றே நிறுத்துங்கள். ரத்தக்கட்டி இருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.