விறைத்த மீனும் துடிக்கிற சதையும்

அன்புள்ள ஐயா,

குளச்சலில் வள்ளத்திலிருந்து இறக்கிய சூரை ஒன்றை வாங்கப் போனேன். கையில் துவண்டது. "வெறச்சு நிக்கிற மீனத்தான் வாங்கணும், இது ஆகாது" என்று அம்மை தடுத்துவிட்டாள். அதே மீனைப் பக்கத்து வீட்டில் வாங்கி, துண்டுபோட்டு உப்பு புரட்டியபோது சதை துடித்தது. மகளின் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில், தசை சுருங்க ஆற்றல் வேண்டும் என்றிருக்கிறது. செத்த மீனில் ஆற்றல் ஏது? இல்லையென்றால் துவளத்தானே வேண்டும், ஏன் விறைக்கிறது?

ஒரு வாசகர், குளச்சல்

அன்புள்ள நண்பருக்கு,

பாடத்தில் இருப்பது பாதி. சுருங்க மட்டுமல்ல, பிடித்த பிடியை விடவும் தசைக்கு ஆற்றல் வேண்டும்.

தசைநாருக்குள் ஆக்டின் என்ற மெல்லிய இழைகளும் மயோசின் என்ற தடித்த இழைகளும் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கின்றன. மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கும். ஒரு இழுப்பின் தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. இழுத்து முடித்த தலை தானாகக் கழலாது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு புதிதாக ஒன்று வந்து ஒட்டினால்தான் விடும். பிறகு அந்த ஏடிபி உடைந்து, தலையை அடுத்த இழுப்புக்கு நிமிர்த்தும். கரைமடி இழுப்பவர் ஒரு கையை விட்டுத்தானே முன்னால் எட்டிப் பிடிக்கிறார்? அந்த விடுதலுக்குத்தான் ஏடிபி.

இதற்கு ஒரு பூட்டும் உண்டு. ஓய்வில் ட்ரோப்போமயோசின் என்ற புரதம் ஆக்டினை மூடியிருக்கும். அதோடு இணைந்த ட்ரோப்போனின் என்ற புரதத்தில் கால்சியம் சேர்ந்தால் மூடி விலகும். அந்தக் கால்சியத்தை, தசைநாருக்குள் இருக்கும் சார்க்கோபிளாச வலை என்ற பைக்குள் அடைத்துவைக்கும் பம்பும் ஏடிபியில்தான் ஓடுகிறது.

மீன் செத்ததும் ஆக்சிஜன் வரத்து நிற்கிறது. ஏடிபி உடனே தீர்வதில்லை. தசையில் சேமித்துவைத்த கிரியாட்டின் பாஸ்பேட்டும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தும் கொஞ்ச நேரம் அதை ஈடுகட்டும். சதை துவண்டிருப்பது இந்த நேரத்தில்தான். இருப்பு தீர்ந்ததும் பம்பு நிற்கும், கால்சியம் கசியும், தலைகள் ஆக்டினைப் பற்றும். பிடியை விட ஏடிபி இல்லை. அதுதான் விறைப்பு. பிறகு இளகுவது தலைகள் விட்டதால் அல்ல. நொதிகள் இழைகளின் இணைப்புகளை அரித்துவிடுகின்றன.

ஆக, மீன் இரண்டு முறை துவளும்: விறைப்புக்கு முன்னும் பின்னும். அம்மை பின்னதை நினைத்துச் சொன்னது சரி. உங்கள் சூரை முன்னது. துவண்ட மீனில் செவுள் சிவப்பாக, கண் தெளிந்து புடைத்து, விரலால் அழுத்திய குழி உடனே எழும்பினால் தாராளமாக வாங்கலாம்.

உப்புக்கு வருகிறேன். உயிருள்ள தசைச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 90 மில்லிவோல்ட் எதிர்மின்னாக இருக்கும். வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் பம்பு இந்த வேறுபாட்டைக் காக்கிறது. தலை அறுந்த மீனிலும் இது சற்று நேரம் மிஞ்சும். உப்பு பட்டதும் அயனிச் சமநிலை குலைந்து, செல்லுக்குள் சோடியம் நுழையும் வாசல்களான சோடியக் கால்வாய்கள் திறந்து, கால்சியம் வெளிப்பட்டு, நார் சுண்டுகிறது. மூளைக்கு இதில் வேலையே இல்லை. விறைத்த மீனில் எவ்வளவு உப்பு புரட்டினாலும் துடிக்காது.

வலையில் கிடக்கும் பேத்தை மீனின் நஞ்சு அடைப்பதும் சோடியக் கால்வாயைத்தான். முதலில் உதடு மரக்கும், முற்றினால் மூச்சுத் தசைகள் நிற்கும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

வள்ளக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வலையில் நெடுநேரம் போராடிச் செத்த மீன் தன் கிளைக்கோஜனைத் தானே செலவழித்துவிடும், சீக்கிரம் விறைக்கும். கொன்றவுடன் மீனுக்குச் சம எடை ஐஸ் போடுங்கள். ஐஸ் பட்டதுமே சில மீன்கள் இன்னும் வேகமாக விறைத்தால் பயப்பட வேண்டாம். குளிரில் கால்சியப் பம்பு மந்தமாவதால் அப்படி. ஐஸில் போடும்போதே நேராகக் கிடத்துங்கள். வளைந்து விறைத்த மீனைப் பெட்டிக்குள் அடங்க வேண்டுமென்று மடக்கி நிமிர்த்தினால் சதை அடுக்கடுக்காகப் பிளந்துவிடும்.