ஐஸ் டன்னும் மெஷின் டன்னும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் கட்டி தயாரிக்கும் கூடம் தொடங்குகிறோம். நாளொன்றுக்குப் பத்து டன் ஐஸ் வேண்டும். பத்து டன் மெஷினே போதும் என்கிறார் விற்பவர். சரிதானா?

பதில்: போதாது. நீங்கள் சொல்லும் டன் 1,000 கிலோ எடை. மெஷினின் டன் வெப்பத்தை வெளியேற்றும் வேகம். அமெரிக்க ஐஸ் வணிகத்தின் வழக்கிலிருந்து வந்த அந்த அளவு, அவர்களுடைய 2,000 பவுண்டு டன்னை, அதாவது 907 கிலோ ஐஸை, பூஜ்ஜியம் டிகிரியிலேயே 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தைக் குறிக்கிறது. மணிக்குச் சுமார் 3,024 கிலோகலோரி. (அந்த வணிகம் சென்னைக்கும் வந்தது, கடற்கரையில் நிற்கும் ஐஸ் ஹவுஸ் அதற்காக எழுந்த கட்டடம்தான்.) கட்டி உறையும் உலோக அச்சான உங்கள் கேனில் ஊற்றும் தண்ணீரோ 30 டிகிரியில் இருக்கும். அதைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கக் கிலோவுக்கு 30 கிலோகலோரி, உறைய வைக்க 80, கட்டியை மைனஸ் 10 வரை குளிர்விக்க மேலும் 5, ஆக 115. பத்தாயிரம் கிலோவுக்கு 11,50,000. அதை 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டு 3,024-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 16 டன் வருகிறது. கேன்கள் மூழ்கி நிற்கும் குளிர்ந்த உப்புத் தண்ணீர்த் தொட்டியின் சுவர் வழியே நுழையும் வெப்பமும், கேனிலிருந்து கட்டியைக் கழற்றும்போது உருகி வீணாவதும் தனிக் கணக்கு.

அந்தப் பத்து டன் எந்த ஆவியாதல் வெப்பநிலையில் (மெஷினுக்குள் குளிரூட்டும் திரவம் வாயுவாக மாறும் வெப்பநிலையில்) அளந்தது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குளிர் கூடக்கூட கம்ப்ரசருக்குள் வரும் வாயு அடர்த்தி குறைந்துவிடுவதால், 5 டிகிரியில் பத்து டன் தரும் கம்ப்ரசர் மைனஸ் 15-இல் ஏறக்குறைய பாதியையே தரும். அந்த மெஷினின் விலை மலிவாகத் தெரிந்தால் இதுவே காரணமாக இருக்கலாம்.

கேள்வி: வியாசர்பாடியில் வாங்கிய ஒன்றரை டன் ஏசியின் அட்டையில் 5.2 கிலோவாட் என்றிருக்கிறது. மணிக்கு ஐந்து யூனிட் ஓடுமா?

பதில்: ஓடாது. ஒரு டன் 3.517 கிலோவாட்டுக்குச் சமம். நீங்கள் பார்த்தது அறையிலிருந்து வெளியேறும் வெப்பம். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. ஆகவே வெளியேறும் வெப்பத்தைவிடக் குறைவான மின்சாரமே அதற்குப் போதும். அதே அட்டையில் மின் உள்ளீடு தனியாக இருக்கும். அது 1.5 கிலோவாட் என்றால், முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்.

கேள்வி: 300 லிட்டர் ஃப்ரிட்ஜ் எத்தனை டன்?

பதில்: லிட்டர் உள்ளிடத்தின் கொள்ளளவு மட்டுமே, அதைக் கொண்டு டன்னைச் சொல்ல முடியாது.

கேள்வி: துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த ஏசியில் 18,000 பி.டி.யு. என்றிருக்கிறது. அது எத்தனை டன்?

பதில்: பி.டி.யு. என்பது வெப்பத்தை அளக்கும் பிரிட்டிஷ் அலகு. மணிக்கு 12,000 பி.டி.யு. ஒரு டன். உங்களுடையது ஒன்றரை டன்.