ஷாத்தோ திகெம்: இனிப்பும் விலையும்

மதிப்பிற்குரிய ஐயா,

பிரெஞ்சு ஒயின்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ஷாத்தோ திகெம் அழுகிய திராட்சையில் செய்யப்படுகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். சர்க்கரையைக் கொட்டித்தான் அவ்வளவு இனிப்பாக்குகிறார்கள் என்கிறார் என் நண்பர். ஒரு பாட்டிலுக்குப் பல பத்தாயிரம் ரூபாய் என்பது வெறும் பணக்காரப் பகட்டுதானே? நூறு வருடம் கெடாது என்கிறார்களே, அது உண்மையா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொல்வது தவறு. அங்கே வெளியிலிருந்து சர்க்கரை சேர்ப்பதில்லை. அத்தனை இனிப்பும் திராட்சையில் இருந்ததுதான்.

திகெம் பண்ணை இருப்பது போர்டோ நகரத்துக்குத் தென்கிழக்கே, சோத்தேர்ன் என்ற ஊரில். சிரோன் என்ற சிற்றாறு குளிர்ந்த நீரோடு வந்து, கொஞ்சம் வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கிறது. அதனால் இலையுதிர்காலக் காலைகளில் அந்தப் பக்கமெல்லாம் மூடுபனி. அந்த ஈரத்தில் போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை திராட்சையில் பிடிக்கிறது. மதியம் வெயில் வந்து காய்ந்துவிட வேண்டும். ஈரம் அப்படியே நின்றுவிட்டால் அதே பூஞ்சை பழத்தை நாசமாக்கிவிடும். வெயிலும் பனியும் சரியாக மாறி மாறி வந்தால், பூஞ்சை துளைத்த தோல் வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போய், சர்க்கரையும் புளிப்பும் மணமும் உள்ளே இறுகுகின்றன. நொதிக்கும்போது ஆல்கஹால் 14 சதவீதத்தை நெருங்கியதும் ஈஸ்ட் ஓய்ந்துவிடும். மிஞ்சும் சர்க்கரை லிட்டருக்கு 100 கிராமுக்கும் மேல். புளிப்பும் கூடவே இருப்பதால்தான் அது திகட்டுவதில்லை.

அறுவடைதான் உண்மையான வேலை. ஒரே குலையில் பொன்னிறமான நல்ல பழம் ஒன்று இருக்கும். பக்கத்திலேயே பழுப்பும் ஊதாவுமாக உப்பிய ஒன்று. அதற்கும் கீழே, வற்றிச் சுருங்கி, சாம்பல் பூத்தாற்போல் பூஞ்சை படர்ந்த ஒன்று. பறிப்பவர் இந்தக் கடைசிப் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைக் கொடியிலேயே விட்டுவிடுவார். சில நாள் கழித்து அதே கொடிக்குத் திரும்ப வருவார். சில வருடங்களில் ஐந்து, ஆறு தடவைகூட இப்படி நடக்கும். நவம்பர் வரை இழுக்கும். இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது, கொடிக்கு ஒரு கோப்பை.

பகட்டு என்கிறீர்கள். 1910, 1915, 1930, 1951, 1952, 1964, 1972, 1974, 1992, 2012. இந்த வருடங்களில் திகெம் என்ற பெயரில் இனிப்பு ஒயின் வெளிவரவே இல்லை. பழம் தரமாக அமையவில்லை என்று அந்த வருடத்தையே விட்டுவிட்டார்கள். பண்ணை 1999இல் எல்விஎம்ஹெச் என்ற பெரிய ஆடம்பரப் பொருள் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அப்புறமும் 2012இல் இதையே செய்தார்கள். பெயரை ஒட்டினாலே விற்றுவிடும் என்று தெரிந்தும் ஒட்டாமல் இருப்பதைப் பகட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பண்ணையிடம் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பெயரை நிலைநிறுத்தியவர் ஒரு பெண். பிரான்சுவாஸ்-ஜோசஃபின் தெ சோவாஜ் திகெம். 1785இல் லூர்-சாலூஸ் குடும்பத்தில் திருமணம். மூன்றே வருடத்தில் கணவர் இறந்துபோனார். அடுத்த வருடமே பிரெஞ்சுப் புரட்சி. இரண்டு முறை சிறை. இத்தனையையும் தாண்டி நிலத்தைக் கைவிடாமல் காப்பாற்றி, 1826இல் ஒயின் கிடங்கும் கட்டினார். தாமஸ் ஜெஃபர்சன் தனக்கும் அதிபர் வாஷிங்டனுக்கும் திகெம் வரவழைத்ததைத்தான் எல்லோரும் ஆர்வமாகச் சொல்கிறார்கள். இவரைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. இவர் காலமானது 1851இல். போர்டோ ஒயின்களின் புகழ்பெற்ற தரவரிசை வந்தது 1855இல். அதில் இனிப்பு வெள்ளை ஒயின்களில் திகெமுக்கு மட்டும் தனியாக ஒரு மேல்நிலை கொடுத்தார்கள்.

ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். 1811ஆம் வருடத்து பாட்டில் ஒன்று 2011இல் 75,000 பவுண்டுக்கு விலைபோனது. அது கொடிக்கும் உழைப்புக்கும் கொடுத்த விலை இல்லை, அரிய பொருள் சேர்ப்பவரின் கணக்கு. அதை வைத்து இந்த ஒயினை எடைபோட வேண்டாம்.

நூறு வருடம் தாங்குமா என்றால், நல்ல வருடத்து திகெமைச் சரியாகப் பாதுகாத்தால் தாங்கும். சர்க்கரை, புளிப்பு, ஆல்கஹால் மூன்றும் சேர்ந்து காக்கின்றன. பொன்னிறம் மெல்ல மெல்லக் கருத்துப் பழுப்பாகும்; பழ வாசனை குறைந்து உலர்பழமும் கேரமலும் மேலே வரும். ருசித்துத்தான் பார்க்க வேண்டும் என்றால் திகெமிலேயே தொடங்க வேண்டியதில்லை. சோத்தேர்னிலும் பக்கத்து பார்சாக்கிலும் இதே முறையில் செய்யும் மற்ற பண்ணைகளின் அரை பாட்டில்கள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். நன்றாகக் குளிரவைத்து, ரோக்ஃபோர் போன்ற உப்பான நீலச் சீஸோடு கொஞ்சமாகக் குடித்துப் பாருங்கள். உங்கள் நண்பருக்கும் ஒரு கோப்பை கொடுங்கள்.

அன்புடன்